ஒரு கங்கு போதும்: தீக்காலத்துக்கு முன் நம் வீட்டைச் சுற்றிப் பார்ப்போம்

(இம்மாதப் பாடம் – குடும்பத்தார் அனைவரும் சேர்ந்து படிக்க)

 

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, உறைபனி இறங்கத் தொடங்கிவிட்டது. காலையில் புல்வெளி வெள்ளை விரித்தாற்போல் கிடப்பதைப் பார்த்துச் சுற்றுலா வருபவர்கள் மகிழ்கிறார்கள். இங்கேயே வாழும் நமக்கு அதில் இன்னொரு செய்தியும் உண்டு. பனி பட்ட புல் கருகும். கருகிய புல் ஜனவரி வெயிலில் வைக்கோலாகக் காயும். பிப்ரவரியிலிருந்து கோடை மழை நன்றாகப் பெய்யும் வரை நம் மலைக்கு அதுவே தீக்காலம்.

அந்தக் காலம் வருவதற்குள், நம் வீட்டை நாமே ஒருமுறை சுற்றிப் பார்ப்பது எப்படி, எதைப் பார்ப்பது, ஏன் பார்ப்பது என்பதே இந்தப் பாடம்.

1. தூரத்துத் தீ நமக்கு என்ன சொல்கிறது?

2024 மார்ச் மாதம், ரமலான் தொடங்கிய வாரத்தில், குன்னூர் ஃபாரஸ்ட் டேல் பகுதியில் பற்றிய தீயைப் பலரும் மறந்திருக்க மாட்டீர்கள். தனியார் எஸ்டேட் ஒன்றில் கழிவுகளுக்கு வைத்த தீ காட்டுக்குள் பரவியதாக அப்போது செய்தி வந்தது. வனத்துறையினரும் தீயணைப்புத் துறையினரும் பல நாட்கள் போராடினார்கள். இறுதியில் விமானப்படையின் எம்.ஐ.-17 ஹெலிகாப்டர் வந்தது. பெரிய வாளியைத் தொங்கவிட்டு நீரள்ளி, சுமார் 16,000 லிட்டரைக் காட்டின் மேல் ஊற்றியது.

16,000 லிட்டர் என்பது கேட்கப் பெரிய கணக்கு. நம் வீட்டு மொட்டை மாடியில் வைக்கும் ஆயிரம் லிட்டர் தொட்டிகளில் பதினாறு, அவ்வளவுதான். ஹெலிகாப்டர் காட்டைப் பார்த்துக்கொள்ளும். ஒவ்வொரு வீட்டு வாசலுக்கும் அதனால் வர முடியாது. ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கூடலூர் தீயணைப்பு நிலையங்களில் இருக்கும் வண்டிகளும் நம் குறுகிய சந்துகளிலும் லைன் வீட்டுப் படிக்கட்டுகளிலும் ஏறி வர இயலாது. எனவே வீட்டைக் காக்கும் வேலையில் பெரும்பகுதி, தீ பிறப்பதற்கு முன்பே நம் கையில் இருக்கிறது.

2. வீடு எப்படிப் பற்றுகிறது?

காட்டுத்தீ என்றதும், மரத்தளவு உயரச் சுவாலை எழுந்து வந்து வீட்டை விழுங்குவதாகவே நாம் எண்ணுகிறோம். இதை ஆராய்ந்தவர்கள் கண்டது வேறு.

அமெரிக்க வனத்துறையின் விஞ்ஞானி ஜாக் கோஹன், வீடுகள் ஏன் எரிகின்றன என்பதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர். கனடாவின் வடபகுதியில் உண்மையான காட்டையே எரித்துப் பார்த்த சோதனை ஒன்றில், எரியும் மரங்களிலிருந்து வெவ்வேறு தூரங்களில் மரச்சுவர்களை நிறுத்தினார்கள். சுமார் 33 அடி தூரத்தில் நின்ற சுவர்கள் சில முறை பற்றின. சுமார் 100 அடி தூரத்தில் நின்றவை பற்றவே இல்லை. பெருந்தீயின் வெப்பம்கூட நூறு அடிக்குள் வலுவிழந்துவிடுகிறது என்பதே இதன் பொருள்.

அப்படியானால், காட்டிலிருந்து வெகுதூரத்தில் இருக்கும் வீடுகளும் எரிவது எப்படி? காற்றில் பறந்து வரும் கங்குகளால். எரியும் பட்டை, சருகு, குச்சி ஆகியவை காற்றில் ஏறித் தீக்கு முன்னால் பறந்து போகும். அவை கூரை ஓரத்துச் சருகிலோ, விறகு அடுக்கிலோ, வாசலில் கிடக்கும் தென்னை நார் மிதியடியிலோ விழும். அங்கே சிறிதாகப் புகைந்து, பிறகு வீட்டைப் பிடிக்கும். காட்டுத்தீ கடந்து போய்ச் சில மணி நேரம் கழித்தும் வீடுகள் எரிந்திருக்கின்றன. சுற்றிலும் மரங்கள் பச்சையாக நிற்க, நடுவில் வீடு மட்டும் சாம்பலாகக் கிடந்த காட்சிகளும் உண்டு.

இதில் நம் மலைக்குத் தனிக் கவலை ஒன்று இருக்கிறது. 19-ஆம் நூற்றாண்டில் விறகுக்காகக் கொண்டுவந்து நட்ட கற்பூர மரம், அதாவது யூக்கலிப்டஸ், ஆஸ்திரேலிய மண்ணின் மரம். அதன் பட்டை நீள நீளமாக உரிந்து தொங்கும். இலையில் தைலம் இருக்கும். தொங்கும் அந்தப் பட்டை தீப்பிடித்தால், பந்தம்போல் எரிந்துகொண்டே வெகுதூரம் பறக்கும். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் 2009 பிப்ரவரி 7 அன்று 173 உயிர்களையும் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகளையும் பறித்த பெருந்தீ, இம்மரங்கள் நிறைந்த காடுகளில்தான் எரிந்தது. நம் பள்ளிவாசல் சரிவிலும் பள்ளிக்கூடத்துக்குப் பின்னாலும் நிற்பவை அதே இனத்து மரங்கள்.

சிறு பொறியை அலட்சியப்படுத்தக் கூடாது என்பது நமக்குப் புதிய பாடம் அல்ல. மதீனாவில் ஓர் இரவு ஒரு வீடு எரிந்துபோன செய்தி எட்டியபோது, தூங்கும் முன் நெருப்பை அணைத்துவிடும்படி நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்தினார்கள். விளக்குத் திரியை எலி இழுத்துச் சென்று வீட்டாரை எரித்துவிடக்கூடும் என்றும் எச்சரித்தார்கள். இரண்டும் புகாரியில் பதிவாகியுள்ளன. எலி இழுக்கும் திரிக்கும் காற்று இழுத்துவரும் கங்குக்கும் வேறுபாடு அதிகமில்லை.

3. 'வீட்டுப் பார்வை' என்பது என்ன?

அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில், காட்டை ஒட்டி வாழ்பவர்கள் கேட்டுக்கொண்டால், பயிற்சி பெற்ற ஒருவர் வீட்டுக்கு வருவார். வீட்டுக்காரரோடு சேர்ந்து கூரையிலிருந்து வேலி வரை சுற்றிப் பார்ப்பார். எங்கே கங்கு விழுந்தால் பற்றும் என்று காட்டுவார். செய்ய வேண்டியவற்றை ஒரு தாளில் எழுதி வீட்டுக்காரரிடமே கொடுத்துவிட்டுப் போவார். கட்டாயம் இல்லை, அபராதம் இல்லை. செய்வதும் விடுவதும் வீட்டுக்காரர் விருப்பம்.

இதே முறையை நம் மஹல்லாவில் தொடங்க அறக்கட்டளை எண்ணியுள்ளது. ஜும்ஆ தொழுகைக்குப் பின் பெயர் கொடுத்தால், ஓர் ஆணும் ஒரு பெண்ணுமாக இருவர், உங்களுக்கு வசதியான நேரத்தில் வருவார்கள். வீட்டில் பெண்கள் மட்டும் இருந்தால், சகோதரி உள்ளே வருவார். சகோதரர் வெளிப்புறத்தைப் பார்ப்பார்.

இதைச் சொன்னதும் சிலர் தயங்குவதை அறிவோம். "எங்கள் வீட்டுக்குப் பட்டா இல்லை", "நாங்கள் குடியிருப்பது எஸ்டேட் லைன்", "கூடலூர்ப் பக்கம் பிரிவு 17 நிலம், எழுதிக்கொண்டு போய் எங்கே கொடுப்பார்களோ" என்ற அச்சம் நியாயமானது. நிலத்தைப் பற்றிக் கேட்டு வந்தவர்களால் மனம் புண்பட்டவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். ஆகவே முடிவாகச் சொல்கிறோம்: வருபவர்கள் நிலம், பட்டா, வரி, கட்டட அனுமதி எதையும் கேட்க மாட்டார்கள். படம் எடுக்க மாட்டார்கள். எழுதும் தாள் ஒன்றே. அது உங்கள் கையில் இருக்கும். அதன் நகல் அறக்கட்டளை அலுவலகத்தில்கூட இருக்காது. வாடகை வீட்டில் இருப்பவர்களும் கேட்கலாம். சருகு கூட்டுவதற்கு வீட்டு உரிமையாளரின் கையெழுத்து வேண்டியதில்லை.

யாரும் வர வேண்டாம் என்று நினைப்பவர்கள், கீழே உள்ளதை வைத்து வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம். ஒரு மணி நேரம் போதும்.

4. மூன்று வளையங்கள்

வீட்டை நடுவில் வைத்து மூன்று வளையங்கள் இருப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். பார்வை எப்போதும் வீட்டிலிருந்து வெளியே போக வேண்டும். முதலில் காட்டைப் பார்த்துப் பயந்து, காலடியை மறந்துவிடக் கூடாது.

முதல் வளையம்: வீடும் சுவரிலிருந்து 5 அடியும். இதுவே மிக முக்கியம். இதில் ஏறக்குறைய செலவே இல்லை.

• கூரை: ஓடு, தகரம், சிமெண்ட் சீட் எதுவானாலும் மேலே சேர்ந்துள்ள சருகையும் ஊசியிலையையும் தள்ளுங்கள். மழைநீர் வடியும் தகர வாய்க்காலில் சருகு மக்கிக் கிடந்தால், கங்கு விழ அதைவிடப் பொருத்தமான இடம் இல்லை.

• இடைவெளிகள்: உடைந்த ஓடு, சீட்டுக்கும் சுவருக்கும் இடையிலுள்ள சந்து, பரண் ஜன்னல் ஆகியவற்றில் குருவிக் கூடும் குப்பையும் சேர்ந்திருக்கும். சுத்தம் செய்து, மெல்லிய கண்ணுள்ள கம்பி வலை அடியுங்கள். துணியையோ அட்டையையோ திணித்து அடைக்காதீர்கள்.

• விறகு: நம் வீடுகளில் மிகுதியாகக் காணும் ஆபத்து இது. மழைக்கு நனையாமல் இருக்கட்டும் என்று சுவரோரமாகவே அடுக்குகிறோம். மழைக்காலத்தில் அது சரி. தீக்காலத்தில் அந்த அடுக்கை வீட்டிலிருந்து 30 அடி தள்ளி வையுங்கள். இடமில்லாவிட்டால், இரண்டு நாள் தேவையை மட்டும் உள்ளே வைத்து, மீதியைத் தகரம் போட்டு நாலாபுறமும் மூடுங்கள்.

• சாம்பல்: வெந்நீர் பாய்லரிலும் குளிர் காயும் கரிச்சட்டியிலும் இருந்து அள்ளும் சாம்பலுக்குள் கங்கு ஓரிரு நாள்கூட உயிரோடு இருக்கும். அதைச் செடிக்கு உரம் என்று நேராகக் கொட்டாதீர்கள். மூடியுள்ள தகர டின்னில் போட்டு, நீர் தெளித்து, நன்றாக ஆறிய பின் கொட்டுங்கள்.

• மற்றவை: வாசலில் கிடக்கும் சாக்கு, பழைய மெத்தை, அட்டைப்பெட்டி, பிளாஸ்டிக் நாற்காலி, வெளியே மரப்பெட்டிக்குள் இருக்கும் கேஸ் சிலிண்டர். எரியக்கூடிய எதுவும் இந்த ஐந்து அடிக்குள் வேண்டாம்.

இரண்டாம் வளையம்: 5 அடியிலிருந்து 30 அடி வரை. இங்கே செடி இருக்கலாம், காய்கறி இருக்கலாம். காய்ந்தது இருக்கக் கூடாது. புல்லைக் கணுக்காலுக்குக் கீழே வெட்டுங்கள். உண்ணிச்செடிப் புதர் பச்சையாக இருந்தாலும், உள்ளே காய்ந்த குச்சிக் கூடாக இருக்கும், வேரோடு எடுங்கள். ஊட்டிப் பக்கம் அழகுக்காக வளர்க்கும் சைப்ரஸ் வேலியைப் பிரித்துப் பாருங்கள். வெளியே பச்சை, உள்ளே முழுவதும் காய்ந்த சருகு. அதைக் குலுக்கி அள்ளுங்கள். தேயிலைத் தோட்டத்தை ஒட்டிய வீடுகளில், கவாத்து வெட்டிய குச்சிகள் குவிந்திருந்தால் அகற்றுங்கள். பச்சைத் தேயிலைச் செடி எளிதில் பற்றாது. வெட்டிக் காய்ந்த குச்சி உடனே பற்றும்.

மூன்றாம் வளையம்: 30 அடியிலிருந்து 100 அடி வரை. தீ தரையிலிருந்து மரத்தின் உச்சிக்கு ஏறுவது படிப்படியாகத்தான். புல், புதர், தாழ்ந்த கிளை, உச்சி என்று அது ஏணி ஏறும். அந்த ஏணியின் நடுப்படியை எடுத்துவிட்டால் போதும். மரத்தடியில் விழுந்த பட்டை, சருகு, புதர் ஆகியவற்றை அகற்றினால், வரும் தீ தரையோடு தாழ்ந்து நின்றுவிடும்.

சரிவில் உள்ள வீடுகளுக்கு ஒரு கூடுதல் குறிப்பு. தீ மேட்டை நோக்கி ஓடும். சரிவு பத்துப் பாகை கூடும்போது அதன் வேகம் ஏறக்குறைய இரு மடங்காகும் என்பது தீயணைப்போர் கணக்கு. எனவே வீட்டுக்குக் கீழ்ப்புறச் சரிவை முதலில், அதிக தூரம் சுத்தம் செய்யுங்கள்.

5. நூறு அடிக்குள் எத்தனை வீடு?

மூன்று வளையங்களையும் படித்தவுடன் ஒரு கேள்வி எழும். "எனக்கு இருப்பதே இரண்டு சென்ட். பத்து அடி தள்ளினால் அடுத்த வீட்டுச் சுவர். நூறு அடிக்கு நான் எங்கே போவேன்?"

சரியான கேள்வி. வெளிநாட்டு முறையை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாத இடமும் இதுதான். அங்கே ஒரு வீட்டுக்கு உள்ள நிலம் இங்கே ஒரு தெருவுக்கு இருக்கிறது. நம் நூறு அடிக்குள் ஐந்து வீட்டுக் கூரைகளும் ஒரு எஸ்டேட் வேலியும், சில இடங்களில் காப்புக்காட்டின் எல்லைக் கல்லும் அடங்கிவிடும். பக்கத்து வீட்டு விறகு அடுக்கு உங்கள் சுவருக்கும் ஆபத்து. உங்கள் கூரைச் சருகு அவர்கள் குழந்தைக்கும் ஆபத்து. ஆகையால் இதை வீடு வீடாகச் செய்வதைவிட வரிசை வரிசையாகச் செய்வதே பலன் தரும். அண்டை வீட்டார் எந்தச் சமயத்தவராக இருந்தாலும் அழையுங்கள். அவர்கள் விரும்பினால், பார்வைக்கு வருபவர்கள் அவர்கள் வீட்டையும் பார்ப்பார்கள். அண்டை வீட்டாருக்கு நம்மால் தீங்கு நேராமல் காப்பது நம்மீதுள்ள கடமை. அதற்கு இதைவிட நேரான வாய்ப்பு இருக்க முடியாது.

தனியாக வாழும் முதியோர், விதவைத் தாய்மார், ஆண்கள் வெளியூரில் வேலை பார்க்கும் குடும்பங்கள் ஆகியோரின் வீடுகளை இளைஞர்கள் முதலில் சுத்தம் செய்து தருவார்கள், இன்ஷா அல்லாஹ். அவர்களால் கூரை ஏற முடியாது; கேட்கவும் கூச்சப்படுவார்கள். அவர்களைப் பற்றி அறிந்தவர்கள் சொல்லுங்கள்.

முதல் பார்வை பள்ளிவாசல் வளாகத்தில் நடக்கும். 2026-லும் 2027-லும் ரமலான் பிப்ரவரியில் தொடங்கும். நோன்புக் கஞ்சிக்கு விறகடுப்பு எரியும் மாதமும் தீக்காலமும் ஒன்றாகின்றன. அடுப்புக்கு மேலே என்ன மரம், விறகு எங்கே, அஸருக்குப் பின் சாம்பல் எங்கே போகிறது என்பதை நிர்வாகிகள் முதலில் சரிசெய்துகொண்டு, பிறகு உங்கள் வீட்டுக்கு வருவதே முறை.

6. அள்ளிய சருகை என்ன செய்வது?

இந்தப் பாடத்தில் யாரும் தவறவிடக் கூடாத பகுதி இது. சுத்தம் செய்து குவித்த சருகுக்குத் தீ வைத்தால், செய்த வேலை அத்தனையும் வீண். நம் மலைக்காடுகளில் தீ தானாகப் பிறப்பது மிக அரிது. பெரும்பாலும் மனிதர் கையிலிருந்தே பிறக்கிறது. பீடித் துண்டு, குப்பைக்கு வைத்த தீ, புதுப்புல் முளைக்கட்டும் என்று மேய்ச்சல் நிலத்துக்கு வைத்த தீ என்று காரணங்கள் பல. காப்புக்காட்டுக்குத் தீ பரவும்படி செய்வது 1882-ஆம் ஆண்டின் தமிழ்நாடு வனச் சட்டப்படி குற்றம். "நான் வேண்டுமென்று செய்யவில்லை" என்பது எரிந்த காட்டைத் திருப்பித் தராது.

சருகைக் குழி தோண்டி மக்க விடுங்கள். மண்ணும் சாணமும் கலந்தால் அடுத்த மழைக்குள் உரமாகும். இடமில்லாதவர்கள் சாக்கில் கட்டி வைத்தால், இளைஞர்கள் வண்டியில் எடுத்துச் செல்வார்கள்.

மரங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. தீ பயம் என்று சொல்லி மரத்தை வெட்டிவிடாதீர்கள். மலைப்பகுதிகளில் மரம் வெட்ட 1955-ஆம் ஆண்டின் மரப் பாதுகாப்புச் சட்டப்படி முன் அனுமதி வேண்டும். வீட்டின் மேல் சாய்ந்த மரம் இருந்தால் முறையாக விண்ணப்பியுங்கள். எழுதித் தர அலுவலகத்தில் உதவுவோம். வேலிக்கு அப்பால் உள்ள காட்டு நிலத்திலும் நாம் கை வைக்கக் கூடாது. அங்கே புதர் மண்டியிருந்தால் வனத்துறைக்கு ஊராகச் சேர்ந்து மனுக் கொடுப்போம்.

7. தீ வந்தேவிட்டால்

வீட்டை ஆயத்தம் செய்வது, வீட்டில் தங்கிப் போராடுவதற்காக அல்ல. நாம் நிம்மதியாக வெளியேறவும், நாம் இல்லாதபோதும் வீடு தாக்குப்பிடிக்கவும்தான்.

புகை தெரிந்த உடனே 101 அல்லது 112-ஐ அழையுங்கள். மாவட்டப் பேரிடர்க் கட்டுப்பாட்டு அறை எண் 1077. இடத்தைச் சொல்லும்போது எஸ்டேட் பெயரும் அருகிலுள்ள பேருந்து நிறுத்தமும் சேர்த்துச் சொல்லுங்கள். ஜன்னல், கதவு, பரண் வழிகளைச் சாத்துங்கள். பூட்டைப் போடாமல் தாழ்ப்பாள் மட்டும் இட்டால் தீயணைப்போர் உள்ளே வர முடியும். ஆடு மாடுகளின் கயிற்றை அவிழ்த்து விடுங்கள். பாட்டியைத் தூக்கிச் செல்வது யார், ஆஸ்துமா மருந்து எங்கே, ஆதார், ரேஷன் கார்டு, நிலப் பத்திரம் அடங்கிய பை எங்கே என்பவை இன்றே முடிவாக வேண்டியவை.

தீக்கு மேலே, சரிவில் ஏறி ஓடாதீர்கள். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் இருபதுக்கும் மேற்பட்ட இளம் உயிர்கள் போனது காய்ந்த புல் மூடிய சரிவில்தான். தார்ச்சாலை, ஓடை, ஏற்கெனவே எரிந்து முடிந்த தரை ஆகியவை பாதுகாப்பான திசைகள். காட்டெருமையும் யானையும் அதே பாதையில் தப்பி வரலாம் என்பதையும் மனதில் வையுங்கள்.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டுப் பிறகு தவக்குல் வைக்கச் சொன்ன மார்க்கம் நம்முடையது. விறகை நகர்த்துவதும் கூரையைக் கூட்டுவதும் அந்தக் கயிற்றைக் கட்டுவதில் சேரும். அதற்கு மேல் உள்ளது அவன் நாட்டம்.

வீட்டில் கலந்து பேச:

1. நம் வீட்டுச் சுவரிலிருந்து ஐந்து அடிக்குள் எரியக்கூடிய பொருள்கள் எத்தனை? பிள்ளைகள் எண்ணிச் சொல்லட்டும்.
2. கூரை கடைசியாக எப்போது சுத்தம் செய்யப்பட்டது?
3. நம் சாம்பல் எங்கே கொட்டப்படுகிறது?
4. நம் நூறு அடிக்குள் உதவி தேவைப்படும் முதியவர் யார்?
5. இரவில் தீ வந்தால் எந்த வழியாக வெளியேறுவோம், எங்கே ஒன்றுசேர்வோம்?

இந்த ஐந்தையும் இந்த வாரமே பேசிவிடுங்கள். பெயர் கொடுக்க விரும்புவோர் வரும் ஜும்ஆவில் கொடுங்கள். ஜனவரி முடிவதற்குள் கேட்ட வீடுகள் அனைத்தையும் பார்த்து முடிக்க வேண்டும் என்பது நம் எண்ணம்.

வல்ல அல்லாஹ் நம்மையும் நம் அண்டை வீட்டாரையும், இந்த மலையையும் அதன் உயிர்களையும் தீயின் தீங்கிலிருந்து காப்பானாக! ஆமீன்.

– செயலாளர்